அஞ்சு கோல்ல நம்ம ஆளு எத்தனை? ஐ.எஸ்.எல். பற்றி ஒரு பி.டி. டீச்சரின் மதிப்புரை

2025 நவம்பர் 18 ராத்திரி டாக்காவில் நடந்த ஃபுட்பால் ஆட்டத்தில் இந்தியா பங்களாதேஷிடம் 0-1 என்று தோற்றது. 22 வருஷத்துக்குப் பிறகு அவர்களிடம் ஒரு தோல்வி. ஆட்டம் முடிந்து பத்து நிமிஷம்கூட ஆகவில்லை, எங்கள் ஸ்டாஃப் ரூம் வாட்ஸ்அப் குரூப்பில் கணக்கு சார் என்னைக் கேட்டார்: "டீச்சர், இத்தனை வருஷமா பசங்களை அந்த லீக் மேட்சுக்குக் கூட்டிட்டுப் போறீங்களே, அதனால நம்ம நாட்டுக்கு என்ன கிடைச்சுது?"

அந்த லீக் என்றது நம் நாட்டு ஃபுட்பாலின் இந்தியன் சூப்பர் லீக்கை, சுருக்கமாக ஐ.எஸ்.எல். அவர் குத்திக் காட்டக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அன்றைக்கு எனக்கு இரண்டு வரிகூட வரவில்லை. யோசித்து யோசித்து எழுதியதில் பதில் இவ்வளவு நீளமாகிவிட்டது.

நான் அல்சூர் பக்கம் கௌதமபுரத்தில் பிறந்து வளர்ந்தவள். பெங்களூருவில் பீலேவுக்குச் சிலை வைத்த பேட்டை எங்களுடையது. எங்கள் தெருக்களில் தமிழ் பேசுகிற வீடுகள்தான் அதிகம், அந்த வீடுகளில் ஃபுட்பால் பேசாத வீடு குறைவு. அப்பா ஒரு பொதுத்துறைத் தொழிற்சாலை அணிக்கு லெஃப்ட் பேக், அதாவது பின்வரிசையில் இடப்பக்கத் தடுப்பாளராக, ஆடியவர். அந்த ஆட்டத்தை வைத்துத்தான் வேலை கிடைத்தது, க்வார்ட்டர்ஸ் கிடைத்தது, நாங்கள் மூன்று பேரும் படித்தோம். நான் பள்ளிக்கூடத்தில் பி.டி. டீச்சர். ஐ.எஸ்.எல். தொடங்கிய முதல் மூன்று வருஷம் டி.வி.யில் பார்த்தேன். 2017இல் பெங்களூரு எஃப்.சி. இந்த லீக்குக்குள் வந்ததிலிருந்து காசு கொடுத்து கண்டீரவா ஸ்டேடியத்தில் பார்க்கிறேன். கொரோனாவால் ஆட்டமெல்லாம் கோவாவிலேயே நடந்த இரண்டு சீசன் போக, மீதி ஆறு சீசன். ஆகவே டிக்கெட் வாங்கியவள் என்ற உரிமையோடு எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாயங்காலத்தைப் பற்றி. போகலாமா வேண்டாமா என்று கேட்கிறவர்களுக்குத் தயங்காமல் சொல்வேன், போங்கள், பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். அல்சூர் ஸ்டேஷனில் மெட்ரோ ஏறினால் டிரினிட்டி, எம்.ஜி. ரோடு, அதற்கடுத்தது கப்பன் பார்க். இறங்கி மரத்தடியிலேயே நடந்தால் கண்டீரவா வந்துவிடும். பெங்களூரு எஃப்.சி.யின் ரசிகர் கூட்டமான வெஸ்ட் பிளாக் ப்ளூஸ் பசங்கள் ஆட்டம் தொடங்குவதற்கு முன்னாலிருந்து கடைசி விசில் வரைக்கும் உட்காராமல் பாடுவார்கள். கன்னடமும் தமிழும் மலையாளமும் ஆங்கிலமும் கலந்த அந்தச் சத்தத்தில் என் பள்ளிப் பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் கரைந்துவிடுவார்கள். கடைசியாகப் போனபோது மெட்ரோ, டிக்கெட், இடைவேளைச் சமோசா எல்லாம் சேர்த்து, ஒரு குடும்பம் மல்டிப்ளெக்ஸில் படம் பார்க்கிற செலவுக்குள் முடிந்தது. ஒன்று மட்டும் தெரிந்துகொண்டு போங்கள். அது தடகள அரங்கம். ஆடுகளத்துக்கும் நமக்கும் நடுவில் ஓட்டப்பாதை இருக்கிறது. முகத்தைப் பார்க்க முடியாது, அணி நகர்கிற விதத்தைப் பார்க்கலாம். கொஞ்சம் மேல் வரிசையில் உட்காருங்கள்.

பிள்ளைகளைச் சும்மா பார்க்க விடுவதில்லை நான். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டும் பென்சிலும் கொடுத்து ஒரு வேலை வைப்பேன். ஒருத்தன் த்ரோ-இன் எண்ணுவான். ஒருத்தி ரைட் பேக் எத்தனை தடவை பந்தைத் தொட்டார் என்று கோடு போடுவாள். ஒருத்தன் கீப்பர் கையால் எறிந்தாரா காலால் உதைத்தாரா என்று குறிப்பான். அப்படிச் செய்தால் கண் பந்து பின்னாலேயே ஓடாது, ஆட்டத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளும்.

2025 மார்ச் 29, மும்பை சிட்டியோடு பிளே-ஆஃப். பன்னிரண்டு பிள்ளைகளையும் அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். எட்டாம் வகுப்பில் ஒரு இடதுகால் பிள்ளை இருக்கிறாள். பந்தை அவள் காலில் வாங்குகிற விதமே தனி, ஓசை கேட்காது. அவளுக்கு நான் கொடுத்த வேலை கோல் கணக்கு. ஆட்டம் 5-0. அந்த நோட்டுப் பக்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. மேலே தேதி, கீழே அவள் எழுத்தில்: சுரேஷ் 9, எட்கர் 42 பெனால்டி, வில்லியம்ஸ் 62, சேத்ரி 76, தியாஸ் 83. நாலாவது கோலுக்கு அரங்கம் எழும்பியபோது பென்சில் வழுக்கி, "சேத்ரி" என்ற எழுத்து வரியை விட்டு இறங்கியிருக்கிறது.

திரும்பி வரும்போது மெட்ரோவில் நின்றபடியே அவள் நோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எம்.ஜி. ரோடு வந்ததும் கேட்டாள்: "மிஸ், அஞ்சு கோல்ல நம்ம நாட்டு ஆளு ரெண்டுதான். அதுல ஒருத்தர் எங்க அப்பாவைவிடப் பெரியவரு."

சுனில் சேத்ரிக்கு அன்றைக்கு வயது 40. அதற்குப் பத்து நாள் முன்னால், மார்ச் 19 அன்று, ஓய்வை விட்டு நாட்டு அணிக்குத் திரும்பி, ஷில்லாங்கில் மாலத்தீவுக்கு எதிராக ஒரு கோலும் போட்டிருந்தார். 2024 ஜூனில் கொல்கத்தாவில் குவைத்தோடு ஆடிவிட்டுக் கண்ணீரோடு விடைபெற்றவரை மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. அந்த 2024-25 சீசனில் 14 கோல் போட்டு, இந்தியர்களில் முதலிடமும் அவர்தான். பதினோரு வருஷம் ஓடிய ஒரு லீக்கில், நாற்பது வயதுக்காரரைத் தாண்டி ஒரு இந்திய ஃபார்வர்டு வரவில்லை. பெங்களூருக்காரர்களுக்கு இந்தக் குறை ரொம்ப நாள் தெரியவே இல்லை. நம் அணியின் முன்வரிசையில் சேத்ரி நின்றதால் எல்லா அணியிலும் ஒரு இந்தியர் அங்கே நிற்கிறார் என்று நினைத்துவிட்டோம். மற்ற ஊர் அணிகளில் அந்த இடத்தில் நின்றது யார் என்று பாருங்கள். 2014இல் எலானோவிலிருந்து 2024-25இல் 23 கோல் போட்ட நார்த் ஈஸ்ட் யுனைடெட் அணியின் அஜராயி வரை, அதிக கோலுக்கான தங்க பூட்டை ஒரு வருஷம்கூட இந்தியர் வாங்கியதில்லை.

அப்பா மைதானத்தில் பந்தைப் பார்க்க மாட்டார். பந்து எந்தப் பக்கம் இருக்கிறதோ அதற்கு எதிர்ப்பக்கத்து பேக்கைப் பார்ப்பார். அவன் உள்ளே வந்து, நடுவில் நின்று தடுக்கிற ஸ்டாப்பருக்குத் தோள் கொடுக்கிறானா, தூரத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறானா என்பதுதான் அவருக்கு ஆட்டம். இடைவேளையில் அவர் சொன்னது இது: "பின்னாடி நிக்கற பசங்க நல்லாக் கத்துக்கிட்டாங்க, கண்ணு. எங்க காலத்துல இப்படிக் கோடு புடிச்சு நிக்க எங்களுக்குத் தெரியாது. முன்னாடி நிக்கறவனுக்குத்தான் இடமே குடுக்கல."

என் மதிப்பீடும் அதுவேதான். ஆடக் கிடைத்த இடங்களில் நம் பிள்ளைகள் வளர்ந்தார்கள். கீப்பர், பேக், ஸ்டாப்பர், நடுக்களத்தில் ஓடி உழைக்கிற இடம், விங், இவற்றிலெல்லாம் லீக் நம்மை உயர்த்தியது. அதை மறுக்கிறவர் பழைய ஆட்டங்களைப் பார்த்ததில்லை என்றுதான் அர்த்தம். உணவு, உடற்பயிற்சி, காயத்துக்கு வைத்தியம், வீடியோ வைத்துப் பாடம் என்று அப்பா காலத்தில் கனவிலும் இல்லாத வசதிகள் வந்தன. 2014இல் ஒரு அணிக்கு லீக் சுற்றில் 14 ஆட்டம்தான், இரண்டரை மாசத்துக்குள் எல்லாம் முடிந்தது. 2024-25இல் 24 ஆட்டம். சிவகங்கை மாவட்டத்துக் கண்டனூரிலிருந்து வந்த சிவசக்தி நாராயணன், பெங்களூரு எஃப்.சி.யின் இரண்டாம் அணியில் ஆடி மேலே வந்து, 2022-23இல் வளரும் ஆட்டக்காரர் விருது வாங்கினார். அவர் பெயர் ஒலிபெருக்கியில் வந்த ஒவ்வொரு தடவையும் எங்கள் வரிசை எழுந்து நின்றது. 2023 ஜூலை 4, இதே கண்டீரவாவில் தெற்காசியக் கோப்பையான சாஃப் இறுதி ஆட்டம். குவைத் முதலில் கோல் போட, சாங்தே சமன் செய்ய, பெனால்டியில் குர்ப்ரீத் கடைசிப் பந்தைத் தடுத்தார். அன்றைக்கு ஆடிய பிள்ளைகள் எல்லாருமே இந்த லீக்கில் தேறியவர்கள்தான். அந்த மாசம் ஃபிஃபா தரவரிசையில் நாம் 99. அப்போது இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால், "பாருங்க சார், இதுதான் கிடைச்சுது" என்று நானே படத்தோடு பதில் போட்டிருப்பேன்.

அதற்குப் பிறகு வந்தது: 2024 ஜனவரி ஆசியக் கோப்பையில் ஆஸ்திரேலியா, உஸ்பெகிஸ்தான், சிரியா மூன்றிடமும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. 2027 ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றில் டாக்கா வரைக்கும் ஐந்து ஆட்டம், இரண்டே கோல். ஹாங்காங்கிடமும் சிங்கப்பூரிடமும் தோற்று வாய்ப்பு போனது. 2025 நவம்பரில் தரவரிசை 142. லீக் தொடங்கி மூன்று வருஷத்தில், 2017இல், 96 வரைக்கும் ஏறியிருந்தோம் என்பதை நினைத்தால் வயிறு எரிகிறது.

இதற்கு லீக் மட்டும்தான் காரணமா என்றால், இல்லை. இதற்கு முன்னால் நாட்டின் முதல் டிவிஷனாக இருந்த ஐ-லீக் காலத்திலும் ஓடாஃபாவும் ரான்டி மார்ட்டின்ஸும்தான் கோல் போட்டார்கள். ஒன்பதாம் நம்பருக்கு, அதாவது கோல் போடுகிற ஸ்ட்ரைக்கர் இடத்துக்கு, வெளிநாட்டுக்காரரைக் கொண்டுவருவது நம் கிளப்புகளின் பழைய பழக்கம். ஆனால் இந்த லீக்கின் கையில் காசு இருந்தது, டி.வி. இருந்தது, விதி எழுதும் பேனாவும் இருந்தது. முதல் சில சீசனில் பதினோரு பேரில் ஆறு பேர் வரை வெளிநாட்டவர். 2017இல் அது ஐந்தானது, 2021இல்தான் நாலானது. ஒவ்வொரு தடவை எண்ணிக்கை குறைந்தபோதும் கிளப்புகள் எந்த இடத்தை இந்தியருக்கு விட்டன என்று பார்த்தால், முன்வரிசையை மட்டும் கடைசி வரைக்கும் விடவில்லை. ஏழெட்டு வருஷம் பத்து வயதுப் பிள்ளையிலிருந்து ஊட்டி வளர்த்தால்தான் ஒரு ஸ்ட்ரைக்கர் கிடைப்பான். பயிற்சியாளருக்கோ ஐந்து ஆட்டம் தோற்றால் வேலை போய்விடும். அவர் காத்திருக்க மாட்டார், அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. அதனால்தான் அந்தப் பொறுப்பை விதி ஏற்றுக்கொள்ள வேண்டியிருந்தது.

மார்ச் மாசத்து அந்த முதல் கோலைப் போட்ட சுரேஷ் எங்கிருந்து வந்தார் என்றும் அந்தப் பிள்ளைக்குச் சொன்னேன். மணிப்பூர்க்காரர். 2017இல் இந்தியாவில் நடந்த 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் ஆடிய அணி, பிறகு அகில இந்திய ஃபுட்பால் கூட்டமைப்பே நடத்திய இந்தியன் ஆரோஸ், அதற்கப்புறம்தான் பெங்களூரு எஃப்.சி. ஆரோஸ் முழுக்க இந்தியப் பிள்ளைகளாலான இளைஞர் அணி. ஐ-லீக்கில் பெரிய அணிகளோடு மோதித் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடம் என்றே சொல்லலாம். 2022இல் அதை மூடிவிட்டார்கள். மூடிய வருஷமே லீக்கை நடத்துகிறவர்கள் தரப்பில் இளைஞர்களுக்கென ஒரு டெவலப்மென்ட் லீக் வந்தது. நல்ல முயற்சிதான், முதல் வருஷம் பெங்களூருப் பிள்ளைகளே ஜெயித்தார்கள். ஆனால் சமவயதுப் பிள்ளைகளோடு ஆடுவது ஒன்று, முப்பது வயது ஸ்டாப்பரின் முழங்கையைத் தாங்கி ஆடுவது வேறு.

இந்த இடத்தில் பிரேசில் நட்சத்திரம் ஜிகோவைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1993இல் ஜப்பான் பத்து கிளப்போடு ஜே-லீக் தொடங்கியபோது, காஷிமா ஆன்ட்லர்ஸுக்கு ஆடியவர் அவர். 2014இல் நம் லீக் தொடங்கியபோது எஃப்.சி. கோவாவுக்குப் பயிற்சியாளராக வந்தவரும் அவர்தான். ஜப்பானில் ஒவ்வொரு கிளப்பும் சிறுவர் அணி நடத்தியே ஆக வேண்டும் என்று தொடக்கத்திலேயே விதி. 1999இல் இரண்டாம் டிவிஷன் வந்தது, மேலே ஏறவும் கீழே இறங்கவும் வழி வந்தது. இன்றைக்கு மூன்று டிவிஷனில் 60 கிளப். ஜப்பான் முதன்முதலாக உலகக் கோப்பைக்குப் போனது 1998இல், லீக் தொடங்கி ஐந்தே வருஷம். அதற்கப்புறம் ஒரு உலகக் கோப்பையையும் அவர்கள் விட்டதில்லை. அதுவும் வியாபார லீக்தான், கம்பெனிக் காசுதான், விளம்பரம்தான். ஆகவே வியாபாரம் விளையாட்டைக் கெடுத்துவிடும் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சீனாவில் காசு கொட்டி எட்டுத் தடவை சாம்பியன் ஆன குவாங்சோ கிளப் 2025 ஜனவரியில் கலைந்தே போனது. அங்கேயும் காசுதான், இங்கேயும் காசுதான். அடியில் படிக்கட்டு இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம்.

நம்மிடம் அந்தப் படிக்கட்டு பாதியில் நிற்கிறது. ஐ-லீக்கை ஜெயித்து 2023இல் பஞ்சாபும் 2024இல் முகமதனும் மேலே வந்தன. அந்தக் கதவு திறக்கவே ஒன்பது வருஷம் ஆயிற்று. கீழே இறங்குகிற கதவு 2024-25 சீசன் வரைக்கும் திறக்கவில்லை. கடைசி இடம் வந்தாலும் அடுத்த வருஷமும் நாற்காலி அப்படியே. இறங்கும் பயம் இல்லாவிட்டால் கிளப்புகள் தைரியமாகச் சின்னப் பிள்ளைகளை இறக்குமே என்று நான் நம்பிய காலம் உண்டு. கீழே இருக்கிறவர்களைத்தான் அது அடித்தது. எங்கள் பேட்டைக் கிளப் மாதிரி ஒன்று பெங்களூரு லீக்கில் உயிரைக் கொடுத்து ஆடினாலும் போய்ச் சேர இடம் இல்லை. அப்படி இருக்கும்போது, பேட்டையில் யார் காசு போடுவார்?

வேலையைப் பற்றியும் பேச வேண்டும். 1948 லண்டன் ஒலிம்பிக்கில் ஃபிரான்சுக்கு எதிராக இந்தியா போட்ட ஒரே கோல் சாரங்கபாணி ராமனுடையது. 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வாங்கிய அணியில் அருமைநாயகம் இருந்தார். இரண்டு பேரும் பெங்களூருப் பிள்ளைகள். இந்த ஊரில் பந்து ஆடினால் வேலை கிடைக்கும் என்பதற்காகவே தெருவுக்குத் தெரு ஆடினார்கள். எச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. என்ற பொதுத்துறைத் தொழிற்சாலை அணிகள், ராணுவ அணிகள் என்று அசோக் நகர் ஃபுட்பால் ஸ்டேடியத்தில் வேலை நாள் மத்தியானமும் கூட்டம் கட்டி நின்ற ஊர் இது. அப்பா 35 வயதில் ஆடுவதை நிறுத்தினார், 58 வயது வரைக்கும் சம்பளம் வந்தது. இப்போது ஐ.எஸ்.எல். ஆட்டக்காரருக்குக் கிடைக்கிற சம்பளத்தில் பாதிகூட அப்பா கண்டதில்லை, அது நிஜம். ஆனால் ஒரு கிளப்புக்கு இருபது, இருபத்தைந்து இந்தியர் என்று வைத்துக்கொண்டால் நாடு முழுக்க முந்நூற்றுச் சொச்சம் பேர். அவ்வளவுதான் இடம். ஆஃபீஸ் அணிகள் போனது லீக்கின் தப்பில்லை, பொதுத்துறையில் ஆள் எடுப்பது குறைந்ததால் போனது. போன இடம் மட்டும் காலியாகவே இருக்கிறது. என்னிடம் வருகிற அம்மாக்கள் கேட்கிற முதல் கேள்வி, "இதுல வேலை உண்டா மிஸ்?" 2005இல் "உண்டு" என்று சொன்னேன். இன்றைக்கு "நல்லா ஆடினா ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல காலேஜ் சீட்டு கிடைக்கும்" என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

2023 மார்ச்சில் கர்நாடகா 54 வருஷத்துக்குப் பிறகு, மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராஃபியை ஜெயித்தது. ரியாத்தில் மேகாலயாவோடு 3-2. அப்பா அன்றைக்குத் தெருவில் போவோர் வருவோருக்கெல்லாம் மைசூர்பாகு கொடுத்தார். மறுநாள் என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளில் இரண்டு பேருக்குத்தான் அந்தச் செய்தி தெரிந்திருந்தது. எல்லாரும் லீக் அணிகளின் பெயரைத் தலைகீழாகச் சொல்வார்கள்.

அந்த இடதுகால் பிள்ளைக்கு வருகிறேன். மார்ச் ஆட்டம் முடிந்த கையோடு, "நான் எங்க போய்ச் சேரணும் மிஸ்?" என்று கேட்டாள். கோடை லீவில் நகரத்தில் ஒரு தனியார் அகாடமிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பச்சைப் பசேல் டர்ஃப், வரிசையாக புது கூம்பு, பெரிய ஆட்டக்காரர்களின் படம். ட்ரையல்ஸில் இருபது நிமிஷம் ஆடினாள். அங்கே இருந்த கோச் பையனே பார்த்துவிட்டு, "லெஃப்ட் ஃபுட் சூப்பர் மேடம்" என்றான். பிறகு ஆஃபீஸில் ஃபீஸ் காகிதம் கொடுத்தார்கள். மூன்று மாசத்துக்குச் சேர்த்து, கிட், பயிற்சி, இன்ஷூரன்ஸ் என்று கேட்ட தொகை, வீட்டு வேலை செய்யும் அவள் அம்மாவின் இரண்டு மாசச் சம்பளம். பெண் பிள்ளைகளுக்குத் தனி பேட்ச் கிடையாது, பத்துப் பேர் சேர்ந்தால் தொடங்குவோம் என்றார்கள். ஸ்காலர்ஷிப் உண்டா என்று கேட்டேன். பையன்களுக்கு உண்டாம். காகிதத்தை நாலாக மடித்து அவள் ஷின் பேடுக்குள் செருகிக்கொண்டாள். பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை. இறங்கும்போது, "நாளைக்குக் காலைல கிரவுண்டுக்கு வரட்டுமா மிஸ்?" என்றாள், அவ்வளவுதான்.

அடுத்த இரண்டு மாசத்துக்குள், ஜூலை 5 அன்று, சியாங் மாயில் நம் பெண்கள் அணி தாய்லாந்தை 2-1 என்று ஜெயித்து 2026 ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. தாய்லாந்து தரவரிசையில் 46, நாம் 70. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச் சுற்றில் ஆடி ஜெயித்து நம் பெண்கள் உள்ளே போனது இதுவே முதல் தடவை. பெண்களுக்கு ஐ.எஸ்.எல். மாதிரி ஒன்று கிடையாது. கூட்டமைப்பு நடத்துகிற இந்தியப் பெண்கள் லீக் ஒன்றுதான், 2016-17இல் தொடங்கியது. அதை 2018-19இல் மதுரையிலிருந்து போன சேது எஃப்.சி. ஜெயித்தது. எங்கள் பெங்களூருவின் கிக்ஸ்டார்ட் 2022-23இல் இறுதி ஆட்டம் வரைக்கும் போனது. நட்சத்திர ஆட்டக்காரர் இல்லை, வாணவேடிக்கை இல்லை, பெரிய டி.வி. ஒப்பந்தமும் இல்லை. ஆனால் கோல் போடுகிற இடத்தில் நம் பெண்கள் நிற்கிறார்கள். லீக் இல்லாததே நல்லது என்று இதை வைத்துச் சொல்ல மாட்டேன். அந்தப் பெண்களில் பலருக்கு சீசன் முடிந்தால் சம்பளமும் முடிந்துவிடுகிறது, அது கொடுமை. ஆண்கள் லீக்கில் புரண்ட பணத்தில் ஒரு துளி இந்தப் பக்கம் வந்திருந்தால் என்ற ஏக்கம்தான் எனக்கு.

அதற்குச் சரியாக ஆறு நாள் கழித்து, ஜூலை 11 அன்று, ஆண்கள் லீக்கையே நிறுத்தி வைப்பதாக அறிவித்தார்கள். 2010இல் கூட்டமைப்பும், பின்னால் லீக்கை நடத்திய ரிலையன்ஸ் தரப்பும் போட்ட ஒப்பந்தம் 15 வருஷத்துக்கு, 700 கோடிக்கு. அது 2025 டிசம்பர் 8இல் முடிவதாக இருந்தது, அதைப் புதுப்பிக்கவில்லை. ஆகஸ்டில் சில கிளப்புகள் ஆட்டக்காரர்களின் சம்பளத்தையே நிறுத்தின. புதிதாக டெண்டர் விட்டார்கள், நவம்பர் 7 வரைக்கும் ஒருவரும் கேட்டு வரவில்லை. 2025 டிசம்பர் தொடக்கத்தில் கண்டீரவாவில் லீக் விளக்கு எரியவில்லை. ஒரு நாட்டின் முதல் டிவிஷன் ஒரே ஒரு காகிதத்தின் கடைசித் தேதியில் தொங்கியது என்பது பதினோரு வருஷம் டிக்கெட் வாங்கிய, டி.வி. முன்னால் உட்கார்ந்த எங்களில் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. எனக்கு லீக் மேல் இருந்த மற்றக் குறையெல்லாம் சேர்ந்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது.

ஐந்துக்கு எத்தனை என்று கேட்டால், அந்தச் சாயங்காலத்துக்கு நாலரை. நம் பேக்குகளையும் கீப்பர்களையும் வளர்த்ததற்கு நாலு. ஃபார்வர்டுகளுக்கு ஒன்று. கௌதமபுரம் மாதிரிப் பேட்டைகளுக்குச் செய்ததற்கு ஒன்றரை, அதுவும் எங்கள் பிள்ளைகள் பெங்களூரு எஃப்.சி.யின் நீல ஜெர்ஸி போட்டுக்கொண்டு விடியற்காலையில் எழுந்து வருகிறார்களே, அதற்காக. கணக்கு சார் இதற்குச் சராசரி போடுவார். நான் போட மாட்டேன், ஒன்று இன்னொன்றை ஈடுகட்டாது.

லீக் ஆட்டம் நடக்கும்போது டிக்கெட் வாங்குங்கள், நானும் வாங்குவேன். கூடவே அசோக் நகர் ஸ்டேடியத்தில் உள்ளூர் லீக்கான பெங்களூரு சூப்பர் டிவிஷன் ஆட்டங்களையும் போய்ப் பாருங்கள். அங்கே ஓட்டப்பாதை கிடையாது, பந்து காலில் படுகிற சத்தம் காதில் விழும். ஒன்பதாம் நம்பர் பெரும்பாலும் நம் ஊர்ப் பையன்தான்.

2025 நவம்பரில் ரயன் வில்லியம்ஸ் ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு இந்தியக் குடிமகன் ஆன செய்தி வந்தது. பெர்த்தில் பிறந்தவர், இங்கிலாந்தில் ஃபுல்ஹாம், போர்ட்ஸ்மவுத் வரைக்கும் ஆடியவர், அம்மா வழியில் இந்திய வேர். மறுநாள் காலை அசெம்பிளி முடிந்ததும் அந்தப் பிள்ளை அதே நோட்டோடு வந்து நின்றாள். "மிஸ், வில்லியம்ஸையும் நம்ம ஆளுன்னு போட்டுக்கலாமா? அப்ப அஞ்சுல மூணு."

போட்டுக்கொள் என்றேன். நம் நாட்டுக்கு ஆட வேண்டுமென்று தன் நாட்டுப் பாஸ்போர்ட்டைக் கொடுத்தவரை நம் ஆள் இல்லை என்று எப்படிச் சொல்வது? வில்லியம்ஸ் பெயருக்குப் பக்கத்தில் ஒரு டிக் போட்டாள். பிறகு கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: "இங்கேயே கத்துக்கிட்டு வந்தவங்க மட்டும்னா?"

"ரெண்டு" என்றேன்.

லீக் நின்றதால் டிக்கெட்டுக்கென்று எடுத்து வைத்திருந்த பணம் அப்படியே இருந்தது. போன வாரம் அதில் ஆறு பந்து வாங்கினேன், நாலாம் சைஸ், பெண் பிள்ளைகளுக்கென்றே. மீதியில் கூம்பும் காற்றடிக்கிற பம்பும். செவ்வாய், வியாழன், சனி காலை ஆறரைக்கு எங்கள் மைதானத்தில் பெண்கள் பயிற்சி. அப்பா பேக்குகளைப் பார்த்துக்கொள்கிறார். முன்வரிசைக்குச் சொல்லிக்கொடுக்க சூப்பர் டிவிஷனில் ஸ்ட்ரைக்கராக ஆடிய ஒரு அக்காவோ அண்ணாவோ வேண்டும். ஃபீஸ் கிடையாது, காபி உண்டு.